எந்த நாய் டிக்கி

டிக்கி போன நாளிலிருந்து பெட்டியக்காவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவாள், எழுந்து வாசல்வரை போவாள், திரும்பி வருவாள்.

பேருந்து நிலையத்தில் பயணிகளின் பெட்டி, பைகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. அதனால் கண்டக்டர்கள் வைத்த பெயர் பெட்டியக்கா. டோக்கனைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "அடையாளம் சொல்லுங்க." எங்கே கிழிந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் பெட்டி வெளியே வரும். அழுதாலும் அதட்டினாலும் அசைய மாட்டாள்.

அந்த அறையின் வாசலில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்த தெருநாய்தான் டிக்கி. செம்பழுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி அடர்ந்த முடி, வால் நுனியில் வெள்ளை. யார் பையைத் தரையில் வைத்தாலும் அதன்மேல் தாடையைச் சாய்த்துப் படுத்துவிடும். பைக்காரர் பையை உருவினால், தன் சொத்தைப் பிடுங்கியதுபோல் ஒரு பார்வை பார்க்கும். பெட்டியக்காவுக்கு நாய்கள்மேல் பொதுவான பாசம் என்று எதுவும் கிடையாது. டிக்கிமேல் இருந்தது, அவ்வளவுதான்.

டிக்கிக்குச் சொறி பிடித்தது. பயணிகள் முகம் சுளித்தார்கள். நாய்க் காப்பகத்துக்குப் போன் போட்டது அவள்தான். வண்டியில் ஏற்றியதும் அவள்தான். வேறு யார் கூப்பிட்டாலும் அது ஏறியிருக்காது.

அதன்பிறகு எப்போது போன் செய்தாலும் "நல்லா இருக்கான்மா, நல்லா சாப்பிடுறான்" என்றே பதில் வந்தது. ஒருநாள் மட்டும், "அந்தக் கறுப்பு நாய்தானே? ஓடியாடிட்டு இருக்கு" என்றார்கள். டிக்கி செம்பழுப்பு. விடுமுறை நாளில் கிளம்பிவிட்டாள்.

காப்பகத்தின் முன்னறை பளிச்சென்று இருந்தது. சுவர் முழுக்கக் கொழுகொழு நாய்களின் படங்கள். நிர்வாகி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

கூண்டு கழுவும் பெண் ஒரு நாயைக் கயிற்றில் இழுத்து வந்தாள். முடியெல்லாம் மழித்த, விலா எலும்பு தெரிகிற, கண்ணில் பீளை கட்டிய நாய். வாலில் கட்டுப் போட்டிருந்தது.

"இது எங்க டிக்கி இல்ல."

"நல்லா பாருங்கம்மா. அடையாளம் சொல்லுங்க" என்றார் நிர்வாகி.

"கழுத்துல முடி இருக்கும். வால் நுனி வெள்ளையா இருக்கும். இதுல எது இருக்கு? எங்க நாயைச் சாகடிச்சுட்டு ஏதோ ஒண்ணைக் கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்குறீங்களா?"

"நாங்க சேவை பண்றோம்மா. இப்படிப் பேசினா எப்படி?"

அவள் விடவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். இந்த அமளிக்கு நடுவே அந்த நாய் தள்ளாடி வந்து படுத்ததை அவள் கவனிக்கவில்லை. காலடியில் கிடந்த கைப்பையை வெடுக்கென்று உருவிக்கொண்டு வெளியேறினாள்.

பஸ்ஸில் டிக்கெட்டுக்காகப் பையைத் திறக்கப் போனபோதுதான் பார்த்தாள். பையின்மேல் எச்சில் ஈரம், ஒரு தாடையின் அகலத்துக்கு.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்துவிட்டார். "ஊர்ல உள்ளவன் பெட்டியெல்லாம் கரெக்டா குடுக்குற. உன் நாயை உனக்கே தெரியலையா?"

"சும்மா இருங்க. நான் அது மூஞ்சியைப் பாக்கவே இல்லைங்க. முடியையும் வாலையும்தான் பாத்தேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விடிஞ்சதும் போ. லீவெல்லாம் கேட்டுட்டு இருக்காத."

காலையில் நிர்வாகி வாசலிலேயே மறித்தார். "நீங்கதானேம்மா இல்லைன்னீங்க? யாரும் கேட்காத நாயைப் பின்னாடி ஷெட்டுக்கு மாத்திடுவோம். அங்க வெளியாளுங்களை விடுறதில்ல."

"அப்போ அதை இங்க கூட்டிட்டு வாங்க."

"எதைன்னு கூட்டிட்டு வர்றது? எல்லாத்தையும்தான் மழிச்சிருக்கு."

"நான் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்."

நாயைத் தத்தெடுக்க ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. அவர்கள் முன்னால் இவள் வாய் திறந்துவிடுவாளோ என்று பயந்தவர்போல நிர்வாகி அவசரமாகப் பின்கதவைக் காட்டினார்.

ஷெட்டில் முன்னறையின் பளபளப்பு இல்லை. வரிசையாகக் கூண்டுகள், கூண்டு நிறைய மழித்த உடம்புகள். நேற்று அவள் பார்த்த அதே விலா எலும்புகள் எல்லாவற்றுக்கும் இருந்தன. பலவற்றின் வாலிலும் கட்டு. தண்ணீர்த் தொட்டிகள் காய்ந்து அடியில் பாசி பொருக்குத் தட்டிக் கிடந்தது. "டிக்கி" என்றாள். ஒன்றும் தலை தூக்கவில்லை. கம்பியோரம் பையை வைத்துப் பார்த்தாள். இரண்டு மூன்று நாய்கள் வந்து முகர்ந்தன. தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டன. நேற்று கொண்டுவந்தது எது என்று கூண்டு கழுவும் பெண்ணுக்கும் அடையாளம் தெரியவில்லை.

"குழாய் ரிப்பேர் அக்கா" என்றாள் அந்தப் பெண், அவள் கேட்காமலேயே. "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். வாளியில சுமந்து ஊத்த நான் ஒருத்திதான் இருக்கேன்."

நிர்வாகி பின்னாலேயே வந்துவிட்டார். "எதுன்னு சொல்லுங்கம்மா. அதுக்கு இப்பவே தண்ணி, மருந்து எல்லாம் வைக்கச் சொல்றேன். கையோட கூட்டிட்டும் போங்க."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பெட்டியக்கா கூண்டுகளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். ஏதாவது ஒன்றைக் கைகாட்டினால் இவர் திருப்தியாகிவிடுவார். அது தப்பான நாயாக இருந்தால், டிக்கி இங்கேயே தாகத்தோடு கிடக்கும்.

"எதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"தெரியலைன்னா நான் என்னம்மா பண்ண முடியும்?"

"எல்லாத்துக்கும் ஊத்துங்க. எல்லாத்துக்கும் மருந்து போடுங்க. முடி வளரட்டும். வளர்ற வரைக்கும் நான் தினம் வருவேன், ஒவ்வொரு கூண்டா பாப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் அதுதான் எங்க டிக்கின்னு சொல்லுவேன்."

முன்னறையிலிருந்து குழந்தைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிர்வாகி அந்தப் பக்கம் போனார்.

பெட்டியக்காவின் போன் அலறியது. பேருந்து நிலையத்தில் பயணிகள் பெட்டிக்காக நிற்கிறார்களாம். "நிக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். கூண்டு கழுவும் பெண்ணிடமிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டாள். முதல் கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து, குடிக்க வந்த நாயின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.