ஹெலி போட்டுது

நாவூறு கழிக்கிறோம் என்று யாராவது செத்தல் மிளகாயை நெருப்பில் போட்டு, நெடி வராவிட்டால் "பாத்தியே, கண்ணூறுதான்" என்று எல்லாரும் தலையாட்டும்போது, "மிளகாய் பழசு" என்று சொல்கிறவள் நான். மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு மாமி எங்கள் அப்பார்ட்மென்டில் அப்படிப் போட்டு, புகைமணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, கட்டடமே காலில் சப்பாத்தில்லாமல் பனியில் நின்றது. எனக்கும் அமானுஷ்யத்துக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். அதனால் இனிச் சொல்லப்போவதை நம்புங்கள் என்று கேட்கமாட்டேன். வேறு யாரும் சொல்லி நான் கேட்டிருந்தால் மிளகாய் பழசு என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலின் மேற்குப்பக்கம், பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருந்தோம். பின்வளவு சின்னது, சுற்றிவர சீடர் வேலி, நவம்பரில் விழுந்த பனி ஏப்ரல் வரை அசையாது. என் தம்பி ரூபன் லொங்குய்யில் ஒரு கந்தோரில் எஞ்சினியர். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயது வித்தியாசம், பாதி வளர்த்தது நான்தான். நாள்தோறும் ஆற்றுக்கு அடியால் மெட்ரோவில் போய் வந்தவனுக்கு எங்கிருந்தோ பனிச்சறுக்குப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. முதலில் பக்கத்து மலைகள், பிறகு தூரத்து மலைகள், பிறகு எந்த மலையும் அவனுக்குப் போதாது. ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹெலிகொப்டரில் ஏற்றிப்போய் யாரும் மிதிக்காத சிகரத்தில் இறக்கிவிடுவார்களாம், சறுக்கிக்கொண்டு கீழே வந்தால் அங்கே ஹெலி காத்துநிற்குமாம், திரும்ப ஏற்றுமாம், பொழுது சாயும்வரை இதே வேலையாம். ஏழு நாள், ஒரு கிழமைக்குக் காசும் கட்டியாயிற்று.

"எவ்வளவு?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர்.

"அத்தான், அதை மட்டும் கேக்காதேங்கோ."

"கார் மாத்தச் சேத்த காசெல்லே?"

"கார் உருளும் அத்தான். இது பறக்கும்."

"ஊரில ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசையில நிண்ட சனம் நாங்கள். மச்சான் மண்ணெண்ணெயை வானத்தில ஊத்தி எரிச்சு வழுக்கி விளையாடப் போறார்."

ஹெலி குடிப்பதும் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான் என்று பிறகு தெரிந்தது. இவர் அன்றைக்குச் சும்மா எறிந்த கல் அது.

என் மகள் மதுராவுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பாள். அன்றைக்கு மட்டும் தாராளமாகச் செலவழித்தாள். "மாமா, அங்க காரிபு இருக்கு. பனிமான். ஹெலி சத்தம் கேட்டா அது ஓடும். விண்டர்ல அதுக்குச் சாப்பாடு இல்ல, ஓடினா சக்தி போயிடும், பேபி செத்துப்போகும். நாங்க ஸ்கூல்ல படிச்சம்."

"நான் மான் சுடப் போகேல்லையடி."

"சுடாமலே சாகும், மாமா."

காசோ மானோ அல்ல என் பிரச்சினை. ஹெலி என்ற சொல்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: படு. ஊரில் சண்டை நடந்த காலம், ஹெலி மேலே நின்று சுடும், குண்டும் போடும். ரூபனுக்கு ஒன்பது வயதிருக்கும், படுக்கப் பழக்கியவள் நான். நெஞ்சை நிலத்தில் வைக்கக்கூடாது, அதிர்ச்சியில் உள்ளே கலங்கிவிடும். முழங்கை இரண்டையும் ஊன்று, முழங்கால் இரண்டையும் ஊன்று, காதைப் பொத்து, வாயைத் திற. ஒருநாள் ஹெலி வந்து சுற்றிவிட்டுப் போனது. நான் எழும்பி, தூரத்தில் வாழைக்குள் கிடந்தவனுக்குக் கத்தினேன்: "போட்டுது! போட்டுது!"

யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் 'போய்விட்டது' என்பதைப் 'போட்டுது' என்போம். குண்டு போட்டுவிட்டது என்றாலும் போட்டுதுதான். நான் சொன்னது முதலாவது, அவன் கேட்டது இரண்டாவது. பொழுதுபடும்வரை வாயைத் திறந்தபடி அப்படியே கிடந்தான். தேடிப் போனால் வாய்க்குள் எறும்பு. பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. ரூபனும்தான் சிரிப்பான்.

போக முதல் அவன் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தான். பழைய வாக்மன் அளவு, நெஞ்சோடு வாரில் கட்டுவது. நாங்கள் பீப்பர் என்று பெயர் வைத்தோம். பனி சரிந்து ஆள் புதைந்தால் கண்டுபிடிப்பதற்கு. எல்லாருடைய பெட்டியும் எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும், ஒருவன் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் 'தேடு' என்பதற்கு மாற்ற வேண்டும், பீப் பீப் என்று கத்தி, அம்புக்குறி திசை காட்டும், எத்தனை மீற்றர் என்று இலக்கம் இறங்கிக்கொண்டே வரும். "புதைஞ்சவன் தன்னைத் தானே தேட ஏலாது, அக்கா. அவன்ர பெட்டி அவனுக்குக் கேக்காது. அதுக்குத்தான் பக்கத்தில ஆள் வேணும்." புதைந்தவனின் மூச்சுப் பட்டு முகத்துக்கு முன்னால் பனி உருகி உறைந்து கண்ணாடி மாதிரி வரும், அதைத்தான் தேடுகிறவர்கள் கடைசியில் காண்பார்கள் என்றும் சொன்னான், சொதி நல்லாயிருக்கு என்று சொல்கிற அதே குரலில்.

பின்வளவில் பழகினோம். நான் பனிக்குள் ஒளித்த பெட்டியை அவன் சட்டென்று கண்டுபிடித்தான். பிறகு என் முறை. "நான் ஒளிச்சுப்போட்டுக் கூப்பிடுறன்" என்று என்னை உள்ளே அனுப்பினான். எனக்குப் பொறுமை கிடையாது, கூப்பிட முதலே இறங்கிவிட்டேன். பெட்டி கத்தத் தொடங்கியது. அம்புக்குறியோடு போனேன், இலக்கம் இறங்கி இறங்கி வேலி மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது. புல் தெரியும்வரை தோண்டினேன். ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் ரூபன் கராஜ் கதவடியில் நின்று தேத்தண்ணி குடிக்கிறான்.

"அக்கா, என்ன தோண்டுறியள்? நான் இன்னும் ஒளிக்கவே இல்லை."

அவனுடைய பெட்டி அவனுடைய ஜக்கெற்றுக்குள், நிற்பாட்டியபடி.

மதுரா வாங்கிப் பார்த்தாள், அவளையும் அதே மூலைக்குத்தான் கொண்டுபோனது. இவர் செருப்போடு வந்து பார்த்தார், அதே மூலை. ரூபன் வாங்கினான். சத்தமில்லை. அம்பு இல்லை, இலக்கம் இல்லை. என் கையில் தந்தான், கத்தியது. அவன் கைக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டது.

"நிலத்துக்குக் கீழால கரண்ட் வயர் போகுது போல" என்றான் எஞ்சினியர்.

"வயருக்கு உன்னோட மட்டும் கோவமோ, மச்சான்?" என்றார் இவர். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கே போகாதே என்று கேட்டேன். கேட்டதற்கு என்னிடம் காரணம் இல்லை, காரணமில்லாமல் எதையும் சொல்லாதவள் நான் என்பதால் அவனுக்கு அது இன்னும் பெரிய பகிடியாகப் போய்விட்டது.

போனான். ஒரு பெட்டியை இங்கே விட்டுவிட்டுப் போனான். முதல் நாளே ரெலிபோன் எடுத்தான், குரல் மூச்சு வாங்கியது. "அக்கா, ஹெலி வரேக்க நாங்கள் எல்லாரும் ஒண்டா முழங்காலில இருந்து, சாமான்களைக் கட்டிப்பிடிச்சு, தலையைக் கவிட்டுக்கொண்டு இருக்கவேணும். பனி சுழண்டு அடிக்குது, சத்தம் நெஞ்சுக்குள்ள இடிக்குது. காசு குடுத்துக் குனிஞ்சு கிடக்கிறம்!" சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "ஆனா அது சுடேல்லை அக்கா. கதவைத் திறந்து, ஏறு எண்டுது. என்ர வாழ்க்கையில முதல்முறை ஒரு ஹெலி என்னை ஏத்த வந்திருக்கு."

கார்க்காசு எதற்குப் போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே இறக்கிவிட்டு ஹெலி போனதும் வருகிற அமைதியைப் பற்றி, முழு மலையும் யாரும் எழுதாத கொப்பி மாதிரிக் கிடந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். காற்றில் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணம், அத்தானிடம் சொல்லவேண்டாம் என்றான்.

கிழமையின் நடுவில் ஒரு மத்தியானம். எனக்கு லீவு, மற்ற இரண்டு பேரும் வெளியே. பருப்பு அவிந்துகொண்டிருந்தது. குசினியில், அவன் விட்டுப்போன பெட்டியைப் போட்டுவைத்த லாச்சிக்குள்ளிருந்து பீப், பீப். திறந்தேன். பெட்டி கத்துகிறது, அம்புக்குறி பின்கதவைக் காட்டுகிறது. அடுப்பை நிற்பாட்டினேன், பயந்தவள் அடுப்பை நிற்பாட்டமாட்டாள் பாருங்கள், அவ்வளவு நிதானமாகத்தான் இருந்தேன். இவருடைய பூட்சைப் போட்டுக்கொண்டு, பனி அள்ளும் சவளோடு வேலி மூலைக்குப் போனேன். முன்பு தோண்டிய குழியை மூடி அதற்குமேல் புதுப் பனி வழுவழு என்று கிடந்தது. ஒரு காலடி, ஒரு அணில் தடம் இல்லை.

தோண்டினேன். முழங்காலளவு போனதும் சவள் பொத்தென்று உள்ளே இறங்கியது. உள்ளே வெளி. பனிக்குள் ஒரு சின்னக் குகை. குனிந்து பார்த்தேன். அடியில் நாலு குழிகள், அழுத்தி அழுத்தி இறுகியவை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில், வயிறும் நெஞ்சும் படவேண்டிய இடத்தில், ஒன்றும் படவில்லை. பனி அப்படியே பொருமிக் கிடந்தது. முன் சுவரில் முகத்தளவில் ஒரு வட்டம், கண்ணாடியாய் உறைந்த வட்டம், ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் எவ்வளவோ அவ்வளவு.

முயல் என்று சொல்லுங்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். எந்த முயலுக்கு நெஞ்சை நிலத்தில் வைக்கக்கூடாது என்று யார் பழக்கினார்கள்?

யோசித்துப் பேசவில்லை. வாயில் வந்தது. "ஹெலி போட்டுது, தம்பி. எழும்பு."

பெட்டி நின்றது. உள்ளே வந்து மேசையில் வைத்தபோதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். மூடி இல்லை, பற்றரியும் இல்லை. பின்னேரம் இவர் வந்ததும் கேட்டேன். "ரீவி ரிமோட்டுக்குப் போட்டனான், ரெண்டு நாளாச்சு. ஏன், அவசரமோ?" என்றார்.

அன்றைக்கு இரவு ரூபன் ரெலிபோன் எடுத்தான். ஆத்திரத்தில் இருந்தான். காலையில் ஹெலி ஏற முதல் ஒவ்வொருவராக வழிகாட்டியைத் தாண்டி நடக்கவேண்டுமாம், அவருடைய பெட்டி ஒவ்வொருவருக்கும் கத்தும், கத்தினால்தான் ஏறலாம். இவனுக்குக் கத்தவில்லை. திரும்ப நடந்தான், கத்தவில்லை. பற்றரி மாற்றினார்கள், பெட்டியையே மாற்றினார்கள், ஊகூம். சிக்னல் இல்லாதவனை ஏற்றமாட்டோம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். "ஹெலி மலைக்கு அங்கால மறைஞ்சாப் பிறகு அந்தக் கறுமம் ஒழுங்கா வேலை செய்யுது, அக்கா!"

போன குழுவுக்கு ஏதும் நடந்ததா என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாகச் சறுக்கிவிட்டுப் பசியோடு திரும்பி வந்தார்கள். இது உயிர் தப்பிய கதை இல்லை.

பிறகு அவன் குரல் இறங்கியது. தனியே விடுதிக்குப் பின்னால் நின்றபோது எதிர்ச் சரிவில் காரிபுகளைக் கண்டானாம். ஏழெட்டு இருக்கும். திடீரென்று எல்லாம் ஒன்றாய்த் தலையைத் தூக்கினவாம். இவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் ஹெலிச் சத்தம் வந்தது.

"எங்களை மாதிரியே, அக்கா. அதுகளுக்கு முந்திக் கேக்குது. நெஞ்சளவு பனிக்குள்ளால விழுந்தடிச்சு ஓடுதுகள். ஒரு குட்டி ஓட ஏலாமல் படுத்திட்டுது. ஹெலி போனாப் பிறகும் எழும்பேல்லை. கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டனான்." பிறகு கேட்டான்: "அதுக்கு ஆர் சொல்லுறது, போட்டுது எண்டு?"

மிச்ச நாள்களுக்கு அவன் ஏறவில்லை. காசும் திரும்பி வரவில்லை. வந்து சறுக்குப் பலகைகளை விற்றான். மதுராவிடம் "நீ சொன்னது சரி" என்றான், அவள் அதைப் பிரெஞ்சில் ஒருமுறை, இங்கிலிஷில் ஒருமுறை சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

குகையைப் பற்றி அவனிடம் கொஞ்ச நாள் கழித்துத்தான் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் ஒரேயொரு கேள்வி கேட்டான்.

"என்ன சொல்லி எழுப்பினனீங்கள்?"

சொன்னேன்.

"ஐயோ அக்கா," என்றான், "திரும்பவும் அதையே சொன்னனீங்களோ?"

அதன் பிறகு ஒவ்வொரு விண்டரும் நல்ல பனி விழுந்த மறுநாள் வேலி மூலைக்குப் போகிறேன். ஆற்றோரமாய் எப்போதாவது ஒரு ஹெலி போனாலும் போகிறேன். ஊர்த்தமிழை விட்டுவிட்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒவ்வோர் எழுத்தாய், "போய்விட்டது. ஹெலிகொப்டர் போய்விட்டது. எழுந்திரு" என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டு மனுசி கையசைத்து போன்ஜூர் சொல்வாள், நானும் சொல்வேன். பிறகு முழங்காலில் இருந்து கையாலேயே மெதுவாகப் பனியை விலக்குவேன். முழங்கைக் குழி இரண்டு, முழங்கால் குழி இரண்டு. முன்னால் அந்த வட்டம்.

வாய் இன்னும் திறந்தபடிதான் கிடக்கிறது.