அப்பாவின் கழுத்தும் டாக்டரின் ஒரே கேள்வியும்

நான் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குள் ஒரு கல் விழுந்து அப்பாவின் கழுத்து பிசகியது. ஆறு வாரமாகியும் யாராவது கூப்பிட்டால் லாரி மாதிரி மொத்த உடம்போடுதான் திரும்புவார். அதுவரை மேலே லேசான வேலை கொடுத்திருந்தார்கள். மறுபடி கீழே இறக்குவதா என்பதை அன்று சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொல்ல வேண்டும். தலையை நிமிர்த்த முடியாதவர் அடுத்த கல் வருவதை எப்படிப் பார்ப்பார்?

டாக்டர் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்வி: “சரியாயிடும்னு உனக்குத் தோணுதா?” நம்பிக்கை உள்ளவன் சீக்கிரம் தேறுவான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் டாக்டர் முகத்துக்கு எதிரே ‘தேறாது’ என்று எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் எவன் சொல்வான்? அது அவரைத் திட்டுவது மாதிரி.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அப்பாவிடம் கெஞ்சினேன். “நைனா, வலிக்குதுன்னு மட்டும் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எனக்குத் தெரியும், நீ மூடு.”

உள்ளே போனதும் டாக்டர் அதையே கேட்டார். அப்பா கைகூப்பினார். “நீங்க கை வெச்சா ஆவாம இன்னா சார்? நல்லாயிடும்.”

டாக்டர் திருப்தியாகப் பேனாவைத் திறந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், அவர் மரியாதைக்குச் சொல்றார். வாயைக் கேக்காதீங்க. சட்டையைக் கழட்டச் சொல்லுங்க!”

“நீ டாக்டரா?”

“இல்ல சார். தெனம் காலையில அவருக்குச் சட்டை மாட்டி விடுறவன்.”

டாக்டர் முறைத்தார். பிறகு அப்பாவிடம், “கழட்டுப்பா” என்றார். ஒரு கை வெளியே வந்தது. அடுத்த கை பாதியில் நின்றது. அப்பாவின் பல் கடிபடும் சத்தம் கேட்டது. டாக்டரே எழுந்து வந்து சட்டையை உருவினார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், அப்பா துள்ளினார்.

“எப்போ சரியாகும்னு எனக்கே தெரியல” என்றார் டாக்டர். மேல் வேலையை நீட்டித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று வெளியே வந்தேன். வீட்டு வாசலில் அப்பா மொத்த உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

“அவ்ளோ பெரிய டாக்டரு வாயால தெரியலன்னு சொல்ல வெச்சிட்டியேடா. இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் அங்க போவேன்?”