வேம்புவின் ஆம், இல்லை

மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பார்கள், பந்தியைப் பார்ப்பார்கள். மயிலாப்பூர் வேம்பு அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பார். சீர் வந்த பெட்டிகளில் ஒன்றை விரலால் தட்டி, மூலையை மோந்து பார்த்து, "இது வழியில ரெண்டு தடவை விழுந்திருக்கு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் பெண்ணின் அப்பாவாக இருந்தாலும் சொல்வார். அதனால் தொண்ணூறுகளின் நடுவிலேயே அவருக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் குறைந்துவிட்டன.

பழக்க தோஷம்தான். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் பார்த்தவர். சரக்கு உடைந்து வந்தால் போய்ப் பார்த்து, ஏன் உடைந்தது என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தார். அநேகமாக எல்லா ரிப்போர்ட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'பேக்கிங் போதாது.' அந்த ஒரு வரியில் கம்பெனி தப்பித்தது, இவருக்கும் நல்ல பெயர் கிடைத்தது. சரக்குக்காரனுக்கு வயிறு எரிந்திருந்தால் அதைப் பார்ப்பது வேறு இலாகா.

ஐம்பத்தொன்றாவது வயதில் கம்பெனி அவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. யாருடைய விருப்பம் என்று கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம். வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? பால் பாக்கெட், முட்டைகோஸ், இஸ்திரிக்குப் போய் வந்த சட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார். மனைவி சூடாமணி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நாள் முழுக்க நாற்பது பெண்களைச் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் நாற்பத்தோராவது ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்?

"ஆத்துல இருக்கற சாமானுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதிண்டு இருக்காதீங்கோ. வெளில எங்கயாவது உடைஞ்சிருக்கான்னு பாருங்கோ" என்றாள்.

வெளியே உடைந்துகொண்டுதான் இருந்தது. அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். சூடாமணியிடம் படித்த மதுவந்தி என்ற பெண், அடையாறில் தன் வீட்டு கார் ஷெட்டில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்து 'பழசுசந்தை' என்று ஒரு இணையதளம் ஆரம்பித்திருந்தாள். பழைய சாமானை விற்கிறவர் அதில் போடுவார், வாங்குகிறவர் பார்ப்பார், சாமான் பார்சலில் போகும். போன சாமானில் பாதி உடைந்து போய்ச் சேர்ந்தது. உடனே விற்றவர் ஒரு பக்கம், வாங்கியவர் ஒரு பக்கம், நடுவில் மதுவந்தியின் டெலிபோன். அவளுக்கு ஒரு பஞ்சாயத்துக்காரர் தேவைப்பட்டார். சூடாமணி தன் வீட்டுக்காரரை அவள் தலையில் கட்டினாள்.

வேம்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'தாவா அதிகாரி' என்று இருநூறு விசிட்டிங் கார்டு அடித்தார். மாட வீதிப் பூக்காரம்மாவுக்குக்கூட ஒன்று கொடுத்தார். அந்த அம்மா அதில் பூவுக்கு வைக்கும் வாழைநாரைச் சுற்றி வைத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

பதவி ஏற்ற கையோடு மூன்று காரியம் செய்தார். விற்கிறவர்கள் பெட்டி கட்டுவது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதித் தளத்தில் போட்டார். இரு தரப்பையும் விசாரிக்க ஒரு படிவம் தயாரித்தார். எல்லாக் கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். ஜனங்களைப் பேச விட்டால் கதை அளப்பார்கள் என்பது அவர் துறைமுகத்தில் கண்ட உண்மை. மூன்றாவதுதான் பயங்கரம். 'பொறுப்பற்றவர் பட்டியல்' என்று தளத்தில் ஒரு பக்கம். ஒவ்வொரு தாவாவின் முடிவிலும் யாராவது ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும், அவர் பெயர் ஊருக்கே தெரியும்படி அதில் ஏற வேண்டும் என்று அடித்துச் சொன்னார்.

"அங்கிள், கொஞ்சம் ஹார்ஷா இல்ல?" என்றாள் மதுவந்தி.

"பயம் இருந்தாத்தாம்மா பெட்டி ஒழுங்கா இருக்கும்" என்றார் வேம்பு.

பட்டியல் நாலு மாதம் காலியாகவே கிடந்தது. வேம்பு போனில் விசாரிக்கும் தோரணைக்குப் பயந்து எல்லோரும் தங்களுக்குள்ளேயே சமாதானமாகிவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம்தான். அப்போதுதான் நவம்பரில் குலாம் முகம்மதுவின் ரேடியோ வந்து சேர்ந்தது.

குலாம் முகம்மது தி. நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், முப்பது வருஷமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சந்தில் வருகிற ஜனம் ரிமோட் வைத்த டெக்கைத்தான் கேட்டது. பழைய வால்வ் ரேடியோவை எழுப்பி உட்கார வைத்தால் அதை வாங்க ஆள் இல்லை. மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர்காரர் அவருக்காகப் பழசுசந்தையில் போட ஆரம்பித்த பிறகுதான் அவை வெளியூர்களுக்கு விலை போயின. ஒன்றை மாயவரத்தில் இருந்த அபயாம்பாள் வாங்கினாள். அவளிடம் இருந்த அதே மாடலை மாட்டுப்பெண் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாளாம். அதே ரேடியோவை வாங்கி அதே இடத்தில் வைத்து அதே சத்தத்தில் அலற விடவில்லை என்றால் தன் பெயர் அபயாம்பாள் இல்லை என்று வீட்டில் சபதம். பெசன்ட் நகரில் இருந்த அவள் மருமான் அனிருத்தான் தளத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தான்.

ரேடியோ உடைந்து போய்ச் சேர்ந்தது. கூடு விரிசல், இரண்டு வால்வ் தூள். பெட்டியோடு அது வேம்புவிடம் திரும்பி வந்தது, கூடவே அபயாம்பாளின் இன்லேண்ட் லெட்டரும். 'பெட்டிக்குள் ரேடியோவும் காற்றும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அனுப்பியவர் யாரென்று ஊர் அறியட்டும்.'

வேம்பு பெட்டியைத் தட்டினார், மோந்தார், சுற்றி வந்தார். உள்ளே ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. அடி மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை. "கொக்கி" என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கொக்கி போட்டால் இப்படித்தான் கிழியும். பிறகு படிவத்தோடு இருவருக்கும் போன் போட்டார். உள்ளே அடைப்பு இருந்ததா? அபயாம்பாள் 'இல்லை' என்றாள். குலாம் முகம்மது 'ஆம்' என்றார்.

"நெறைய வச்சேன் சார். கையால அமுக்கி அமுக்கி வச்சேன். இன்னா வச்சேன்னு…"

"பாய், ஆமாவா இல்லையா, அது மட்டும் போதும்."

"ஆமா சார்."

ஒருவர் பொய் சொல்கிறார். வாங்கினவள் சொல்ல மாட்டாள். அவளுக்கு அதனால் என்ன லாபம்? சனிக்கிழமை சாயங்காலம் தீர்ப்பை எழுதி முடித்தார். கடைசி வரி தானாக வந்து உட்கார்ந்தது: 'பேக்கிங் போதாது.' திங்கட்கிழமை மதுவந்தி பட்டியலைத் திறந்து முதல் பெயரை ஏற்றுவாள். மரியாதைக்காகக் குலாம் முகம்மதுவுக்கு முன்கூட்டியே சொன்னார்.

"முப்பது வருசக் கடை சார்" என்றார் குலாம் முகம்மது. "ஒர்த்தன்கூட என்னைப் பொய்யன்னு சொன்னதில்ல. அதுல என் பேரப் போட்டுட்டா அப்பறம் எவன் சார் என்கிட்ட வாங்குவான்? போட்றாதீங்க சார்."

"ரூல்னா ரூல்" என்று வைத்துவிட்டார் வேம்பு. வைத்த பிறகு அந்தக் குரல் காதிலேயே நின்றது. துறைமுகத்தில் சரக்குக்காரர்கள் கத்துவார்கள், மேலதிகாரியின் பெயரைச் சொல்வார்கள். யாரும் இப்படித் தணிந்து கேட்டதில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூடாமணி கத்தினாள். ஹாலில் வாசற்படியிலிருந்து ரேடியோ வரைக்கும் எறும்புச் சாரை.

"குப்பைய எல்லாம் கொண்டு வந்து ஹால்ல வெச்சா எறும்பு வராம என்ன பண்ணும்? உள்ள என்னமோ திங்கற சாமான் இருக்கு. தொறந்து பாருங்கோ."

"ரேடியோவுல என்னடி திங்கறதுக்கு இருக்கும்?"

"எறும்புக்குத் தெரியறது. இருவத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட உங்களுக்குத் தெரியல."

பின் அட்டையை அவர் முன்பே கழற்றி உடைந்த வால்வைப் பார்த்திருந்தார். அதற்கு அடியில் பார்க்கவில்லை. அவர் படித்த படிப்பு பெட்டியோடு சரி. சூடாமணி ரேடியோவை அப்படியே கவிழ்த்து உதறினாள். செய்தித்தாளில் பொலபொலவென்று கொட்டியது: ஏழெட்டுப் பொரி, மூன்று பொட்டுக்கடலை, பிசுபிசுத்த ஒரு வெல்லத் துணுக்கு, கூடவே கருப்பாக அரிசி மாதிரி கொஞ்சம்.

சூடாமணி கருப்பு அரிசியைப் பென்சில் முனையால் தள்ளினாள். "எலிப் புழுக்கை. உங்க கொக்கி இதுதான்."

வேம்பு ஓட்டையைத் திரும்பப் போய்ப் பார்த்தார். விளிம்பெல்லாம் பல் பட்ட தடம். பெட்டி நிறையப் பொரி இருந்திருக்கிறது. வழியில் எங்கேயோ எலி புகுந்து மொத்தத்தையும் காலி செய்திருக்கிறது. எந்த ஊர் எலி என்று யார் கண்டது? இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மை தெரிந்ததும் அவருக்கு வந்தது கோபம். பொரியை வைத்து எவனாவது பெட்டி கட்டுவானா? சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தி. நகருக்கு பஸ் ஏறினார். தீர்ப்பு மாறப்போவதில்லை, 'பொய்' என்பதை எடுத்துவிட்டு 'மடத்தனம்' என்று போட்டால் போயிற்று.

குலாம் முகம்மது ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஏன் பாய், பொரின்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார். ஆமாவா இல்லையா போதும்னு சொல்லிட்டீங்க."

"சரி, பொரிய வெச்சு யாராவது கட்டுவாளா?"

"ஆயுத பூஜைக்கு சந்துல இருக்கற இருவத்தெட்டுக் கடையும் எனக்கு ஆளுக்கொரு பொட்டலம் குடுத்தாங்க சார். ஒருத்தன் எவ்ளோ பொரி துன்னுவான்? வீணாப் போவுதேன்னு பாத்தேன்." குலாம் முகம்மது எழுந்து சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளை எடுத்து வந்தார். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தது. பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். "ஆனா இத்தப் பாத்துதான் சார் வச்சேன்."

'பழைய செய்தித்தாள் கூடாது. இடுக்குகளையெல்லாம் எடையில்லாத, நன்றாக உலர்ந்த, அழுத்தினால் மறுபடி எழும்புகிற பொருளால் நிரப்பவும். செலவு செய்ய வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதே போதும்.' கீழே கொட்டை எழுத்தில்: வேம்பு, தாவா அதிகாரி.

வேம்பு இரண்டு தரம் படித்தார். எடையில்லாதது, உலர்ந்தது, அழுத்தினால் எழும்புவது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தைப் பிழிந்து தானே எழுதிய வாசகம். அதன்படி பார்த்தால் பொரியைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் இல்லை. சாப்பிடுகிற வஸ்து கூடாது என்று ஒரு வார்த்தை போட அவருக்குத் தோன்றவில்லை.

"தப்பா சார்?" என்றார் குலாம் முகம்மது. கிண்டல் துளியும் இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் வேம்புவைச் சுட்டது. வெட்கமாக இருந்தது. எத்தனை சரக்குக்காரர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று இவர் கேட்டதே இல்லை என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது. குலாம் முகம்மது டீ சொன்னார். வேம்பு அதைக் குடித்துவிட்டு மயிலாப்பூர் பஸ்ஸைப் பிடித்தார்.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்ட மதுவந்தி சிரித்துச் சிரித்து இருமினாள். "எலி மேல போட்டு மூடிடலாம் அங்கிள். யார் பேரும் வேணாம்."

நல்ல வழிதான். எலி மறுத்துப் பேசாது. வேம்புவுக்கும் ஆசையாக இருந்தது. அந்த விசிட்டிங் கார்டில் இன்னும் நூற்றைம்பது மிச்சம் இருந்தது. ஆனால் எலி என்று எழுதினால், குலாம் முகம்மது பொய் சொன்னாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. மாயவரத்துக்காரி அவரைத்தான் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ரூல்னா ரூல் என்று தான் சொன்னது வேறு காதில் விழுந்தது.

"எழுதிக்கோம்மா" என்றார். "குலாம் முகம்மது பேக்கிங் குறிப்புப்படி சரியா கட்டியிருக்கார். குறிப்புதான் போதாது. பொறுப்பு, வேம்பு, தாவா அதிகாரி."

"அங்கிள், தாவா அதிகாரி பேரே முதல்ல இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நன்னா இருக்காது. போடு."

குலாம் முகம்மது இரண்டு வால்வ் மாற்றி, விரிசலை ஒட்டி, ரேடியோவை மறுபடி எழுப்பினார். அபயாம்பாள் இனி பார்சலை நம்பத் தயாராக இல்லை. டிசம்பரில் மருமான் வீட்டுக்கு வரும்போது தானே எடுத்துப் போவதாக எழுதினாள். வேம்பு அதைப் பெட்டியில்கூட வைக்காமல் ஒரு பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் பஸ்ஸில் போனார். பஸ் ஒவ்வொரு தரம் குலுங்கும்போதும் கைக்குழந்தையைப் போல இறுக்கிக்கொண்டார். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

வேளாங்கண்ணி கோயில் ஸ்டாப்பில் இறங்கி அனிருத் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தது அபயாம்பாள்தான். குச்சி மாதிரி உடம்பு, தடித்த கண்ணாடி. ரேடியோவை வாங்கிக் காதருகில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே எதுவும் உருளவில்லை. பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

"அனிருத் கம்ப்யூட்டர்ல காமிச்சான். பொறுப்பத்தவா லிஸ்ட்டுன்னு. அதுல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. அது நீங்கதானா?"

"அது வந்து மாமி, அந்தக் குறிப்புல நான் என்ன சொல்ல வந்தேன்னா, பொதுவா பெட்டிக்குள்ள…"

"ஆமாவா, இல்லையா?"

வேம்பு வாசலில் நின்றபடியே புடவையை மடித்தார்.

"ஆமாம்" என்றார்.