ஆண் நோயாளிக்கு வந்த பாசிட்டிவ்

அருவருப்பு என்ற சொல்லைச் சோற்றில் கிடக்கும் முடிக்கும், அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும்தான் வைத்திருந்தேன். வைட்ஃபீல்டில், ஏசி அறையில், இஸ்திரி போட்ட சட்டைக்காரர்களைப் பார்த்துக் குமட்டும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். பெரிய புரோகிராம் எங்கள் டீம் லீடருடையது. அதற்கு ஒத்தாசையாக ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் என்னுடையது. இரண்டும் பேசிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பைப். 'இந்த நோயாளியின் முடிவு என்ன' என்று புரோகிராம் ஒன்றில் கேட்கும். ஸ்கிரிப்ட் லேப் மெஷினிலிருந்து படித்து மற்றதில் பதில் அனுப்பும். பதிலில் யாருடையது என்ற அடையாளம் கிடையாது. அடுத்து வருவது இதற்கான பதில்தான் என்று நம்பிக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு பதிலோடும் நோயாளியின் எண்ணைச் சேர்த்து அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல ஓடட்டும்" என்றார் லீடர். எங்கள் ஆபீசில் அப்புறம் என்றால் நடக்காது என்று பொருள்.

நிஜ நோயாளிகளை வைத்தே சோதனை ஓட்டம் தொடங்கியது. ஒருநாள் மெஷின் மந்தமாகிவிட்டது. பதிலுக்காகக் காத்திருந்த புரோகிராம் பொறுமையிழந்து அடுத்த நோயாளிக்குப் போனது. கைவிட்ட அந்தப் பதில் தாமதமாக வந்து பைப்பில் கிடந்தது. அதை அடுத்த ஆளுடையது என்று புரோகிராம் எடுத்துக்கொண்டது. அதன்பின் ஒருவர் முடிவு இன்னொருவருக்கு என்று வரிசை முழுவதும் ஓரிடம் தள்ளிப்போய்விட்டது.

இது எங்களுக்குத் தெரியவந்த விதம்தான் கேவலம். ஓர் ஆண் நோயாளியின் பெயருக்கு நேரே கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. மொத்த டீமும் அந்தத் திரையைச் சுற்றி நின்று சிரித்தது. பேரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சீமந்தம் எப்போது என்று ஒருவன் கேட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்த லீடர், அப்படியே உட்கார்ந்து ஒரு வரி எழுதினார். நோயாளி ஆணாக இருந்தால் கர்ப்ப முடிவைக் காட்டாதே. அவ்வளவுதான். "ஃபிக்ஸ் பண்ணியாச்சு" என்றார், கை தட்டினார்கள்.

நான் கை தட்டவில்லை. "சார், அந்த பாசிட்டிவ் யாரோ ஒரு லேடியோடது. அவங்களுக்கு என்ன ரிசல்ட் போச்சு?" என்று கேட்டேன்.

"ஏம்மா சும்மா சீன் போடற? ட்ரையல்தானே. லேப்காரங்க பாத்துக்குவாங்க."

"லேப்காரங்க பாக்கறதே நம்ம ஸ்கிரீனத்தான் சார்."

"டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டேன். விடு" என்று அந்தப் பிழையின் கணக்கை முடித்துவிட்டுக் காபிக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

லேபுக்கு நானே போன் செய்தேன். எடுத்த டெக்னீஷியன் அம்மாவிடம் கன்னடத்தில் ஆரம்பித்தேன். நான் பேசுவதைக் கேட்டு அவரே தமிழுக்கு வந்தார். திரையை நம்ப வேண்டாம், மெஷினிலேயே பாருங்கள் என்றேன். அந்த ஆணுக்கு முந்தைய வரியில் இருந்த பெண்ணைத் தேடச் சொன்னேன். மெஷின் பொத்தான்களை அவர் தட்டுவது கேட்டது.

"மெஷின்ல பாசிட்டிவ்தான் இருக்கு. உங்க ஸ்கிரீன்ல நெகட்டிவ்னு வந்துச்சும்மா. சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிட்டோமே. கர்ப்பம் இல்லன்னாத்தான் அத எடுப்பாங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு அவர் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணுக்காக, நான் வழக்கமாகப் போகும் விவேக் நகர் கோயிலில்கூட வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "வெளிய உக்காந்திருந்தாங்க. அடுத்தது அவங்கதான். கூட்டிட்டு வந்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அழறாங்க. எதுக்குன்னு தெரில."

மற்ற எல்லா முடிவுகளையும் மெஷினிலிருந்தே மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். லீடர் காபிக் கோப்பையோடு திரும்பி வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரவாயில்லை, மனுஷன்தான் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மிஸ்டேக் நம்ம சைடுன்னு சொல்லிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன் என்றேன்.

"போன்லயா, மெயில்லயா?" என்றார்.