அக்கா மூட்டிய வியாழக்கிழமை அடுப்பு

மன்னாரில் ஒரு பாடசாலை எழுதுவினைஞரின் மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அக்கா, யுத்தத்தில் அத்தானை இழந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தார். லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் இருந்தபடி, பென்ரோஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பொதி கட்டும் வேலைக்குப் போனார்.

அங்கேதான் கானா நாட்டு அபெனா அவருக்குச் சிநேகிதியானார். அபெனாவின் கிராமத்துப் பெண்கள் கூடி, ஷியா மரத்துக் கொட்டைகளை வறுத்து அரைத்து வெண்ணெய் எடுப்பார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை.

“நாங்கள் எடுப்பம்” என்றார் அக்கா.

வீட்டுக்குள் அடைந்து கிடந்த நான்கு தமிழ்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் அபெனாவும் அவர்களுமாக எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துக் குசினியில் அந்த வெண்ணெயைத் தேங்காயெண்ணெயுடன் உருக்கி, தோலுக்குப் பூசும் களிம்பாக டப்பாக்களில் அடைத்தார்கள். சனிக்கிழமைச் சந்தையில் ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். கிராமத்துக்கு மூன்றாவது ஓடரும் போனது.

பிறகு முறைப்பாடு வந்தது. மண்டபத்தின் தலைவர் என் கணவர். அவரே குசினிக்கு வந்தார்.

“அக்கா, நீங்கள் தாராளமாச் செய்யுங்கோ. அந்தக் கறுப்பு மனுசியை மட்டும் உள்ள விடாதேங்கோ. சனம் கதைக்குது.”

அக்கா தம் கையை நீட்டிக் காட்டினார். “நான் என்ன வெள்ளையோ, தம்பி?”

நான்கு பெண்களும் தலை குனிந்து நின்றார்கள். ஐந்தாவதாக நானும் நின்றேன். அக்கா அடுப்பை அணைத்து, சூடு ஆறாத சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு அபெனாவுடன் வெளியேறினார். அந்த வாரமே எங்கள் வீட்டையும் விட்டுப் போனார்.

இருவருமாக ஒரு கராஜில் ஒரு வருடம் இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. இனி வெண்ணெய் அனுப்ப வேண்டாம் என்று கிராமத்துப் பெண்களுக்கு அக்காவே கடிதம் எழுதினார். அதன் பின் அதைப் பற்றி ஒருவரிடமும் அவர் கதைத்ததில்லை.

அக்காவின் நினைவாக நான் தொகுக்கும் இம்மலருக்கு மண்டபத்தார் அனுப்பிய அஞ்சலியில் ‘பெண்களின் முயற்சிக்கு வழிகாட்டியவர்’ என்றிருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டேன். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

புற்றுநோயுடன் அக்கா கிடந்த ஏழு மாதங்களும் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவர் அபெனா. இறுதிச் சடங்குக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. அபெனாவிடம் அதை நேரில் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

“அதை உன் அக்காவிடம் கேட்டாயா?” என்றார்.

நான் கேட்கவில்லை.