சாக்கு என்றால் போதும்

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே பார்வையால் அடக்கிய ரெஜினா டீச்சர், 1936-இல், தன் ஏழாம் மாதத்தில், ஒரு தட்டுச் சோற்றின் முன்னால் தோற்றுப்போனாள். ஆஸ்பத்திரியா மருத்துவச்சியா, இடப்பக்கம் படுப்பதா வலப்பக்கமா, பிள்ளைக்கு எந்தப் புனிதர் பெயர் என்று லிங்கராஜபுரத்து வீட்டில் விடிந்ததிலிருந்து கேள்விகள். யோசித்து யோசித்துச் சோறு இறங்குவதே நின்றுவிட்டது.

அன்று மதியம், வேலூரிலிருந்து வந்திருந்த மாமியார், "ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா, சொல்லும்மா" என்றாள். இந்தக் கன்னட ஊரிலேயே வளர்ந்த ரெஜினாவின் வாயில் அந்த மொழிதான் வந்தது.

"சாக்கு, அத்தை."

"புள்ளத்தாச்சி சாப்பிடாம இருக்க என்ன சாக்கு? சொல்லு, அதையும் கேக்கறேன்."

கணவன் தியோடர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க சாக்குன்னா போதும்னு அர்த்தம்மா" என்றான்.

"எது போதுமாம்? சோறா?"

"கேக்கறது போதும் அத்தை. நீங்க ஊத்தறத சாப்பிடறேன்" என்றாள் ரெஜினா.

மாமியார் மோரை ஊற்றினாள். முதல் கவளம் இறங்கியதும் வயிற்றில் ஓர் உதை. பழகிய உதைதான். ஆனாலும் ரெஜினாவின் கை அப்படியே நின்றது. இந்தக் கால், இதன் விரல்கள், நகங்கள், எதையும் அவளிடம் கேட்டுக்கொண்டு முளைக்கவில்லை. அவள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தவித்த வேளையிலும் உள்ளே ஓர் உயிர் தடுமாறாமல் தன்னைத்தானே உருவாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு வைங்க அத்தை."

"எலுமிச்சை ஊறுகாயா, மாங்கா..." என்று தொடங்கிய மாமியார், நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டையும் வைத்தாள்.