இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

மாமாவும் நானும் நான்கு வருடம் கதைக்கவில்லை. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய் இருப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஆகவே மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டுதான் கதைக்கவில்லை. சவளக்கடை ஊரில் இருந்த அவருடைய வயலைப் பார்க்காமல் நான் கட்டாருக்குப் போனது முதல் குற்றம். திரும்பி வந்து கல்முனையில் போன் திருத்தும் கடை போட்டது இரண்டாவது.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவரைப் பராமரித்த ஆஸ்பத்திரித் தாதி, மிஸி, எங்களை வரிசையாகப் பார்த்தார். மாமி மெலிந்தவர். என் மனைவிக்கு ஏழு மாதம். மிஸியின் பார்வை என்னிடம் வந்து நின்றது.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்ப வேண்டும். இழுத்தால் தோல் உரியும். விரிப்போடு தூக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, குதிகால் மெத்தையில் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடை மேசையை மாமாவின் அறைக்குக் கொண்டுவந்து போட்டேன். நான் போனைக் கழற்றுவேன், அவர் கூரையைப் பார்ப்பார். அலாரம் அடித்ததும் விரிப்பின் ஒரு பக்கத்தை மாமி பிடிக்க, மறுபக்கத்தை நான் தூக்குவேன். அந்த நேரம் மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

சுகம் விசாரிக்க வந்த ஒருவர் இடுப்புக்கு அடியில் வைக்கச் சொல்லிக் காற்றடித்த டியூப் ஒன்று கொண்டுவந்தார். மிஸிக்கு போன் எடுத்துக் கேட்டேன். வளையம் சுற்றிவர அமத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், வேண்டாம் என்றார். டியூப் களஞ்சிய அறைக்குப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அவருடைய வயல்கூட்டாளிகள் அறை நிறைய வந்திருந்தார்கள். அலாரம் அடித்தது. மாமா இடது கையை அசைத்தார், வேண்டாம் என்று. அத்தனை பேருக்கு முன்னால் மருமகன் தூக்கிப் புரட்டுவதை அவர் விரும்பவில்லை. நானும் அலாரத்தை நிறுத்திவிட்டேன். அவர்கள் பின்னேரம் அஸர் தொழுகை வரை இருந்தார்கள்.

போன பிறகு திருப்பினால், இடுப்பெலும்புக்கு மேல் சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அமத்தினால் வெளுக்க வேண்டும் என்று மிஸி சொல்லியிருந்தார். வெளுக்கவில்லை. உடனே மிஸிக்கு போன் எடுத்தேன்.

"மாமா, இது புண்ணாகப் பாக்குது. இனி ஆர் இருந்தாலும் திருப்புவன்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி, குழறிய நாக்கால் "ஓம்" என்று சம்மதித்தார்.

மிஸி சொன்னபடி அந்தப் பக்கம் படுக்க விடவில்லை. மாமி அங்கே எண்ணெய் தேய்க்கக் கேட்டார், தேய்த்தால் தோல் உரியும் என்று அதற்கும் விடவில்லை. நாலாம் நாள் சிவப்பு மறைந்தது. அடுத்த கிழமை பள்ளிவாசல் தலைவர் வந்திருந்தபோது அலாரம் அடித்தது. விரிப்பின் ஒரு மூலையை அவரிடம் கொடுத்தேன். பிடித்தார்.

மாமா கதிரையில் உட்காரும் அளவுக்குத் தேறியதும் கிளினிக்குக் கூட்டிப்போனோம். மிஸி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு புண்கூட இல்லையே, யார் பார்ப்பது என்று கேட்டார்.

"மருமகன்தான்" என்றார் மாமா. "கைதான் கொஞ்சம் முரடு."

கதிரையில் இருப்பவரையும் அடிக்கடி அசைத்து உட்கார வைக்க வேண்டும் என்று மிஸி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாமா அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.